பின்பாட்டு

மானாமதுரையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் கல்லல் ஒரு சிறு நிலையம். கோடையில் அங்கே இறங்குவோரை முதலில் எதிர்கொள்வன செம்மண் புழுதியும் சீமைக் கருவேல மரங்களுமே. சென்ற ஆண்டு விடுமுறைக்கு அங்கு வந்திறங்கிய நம் தமக்கை மகன், அயர்லாந்து நாட்டுக் கால்வே நகரில் செவிலியர் பணி செய்பவன். வந்த மூன்றாம் நாள் ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, அங்க எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரி ஒரு கடையில நாலு பேரு சுத்தி உக்காந்து வாசிச்சுக்கிட்டு இருப்பாங்க. டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, மைக் கிடையாது. நம்ம பக்கத்துல அது மாதிரி எங்க போயிக் கேக்கலாம்?"

நம்மால் மறுமொழி கூற இயலவில்லை. நாட்டுப்புறப் பாடல் குறித்து இந்த இதழிலேயே எழுதியிருக்கிறோம்; மேடைகளில் பேசியுமிருக்கிறோம். ஆயினும், இன்று மாலை புறப்பட்டுப் போனால் பாட்டு எந்த இடத்தில் கேட்கும் என்று ஒரு பிள்ளை கேட்டபோது வாயடைத்து நின்றோம். அவனோடு சுற்றித் திரிந்த சில வாரங்களில் நாம் கண்டதையும் கேட்டதையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் அவன் கண்ட காட்சியைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் மதுக்கடை என்பது குடிப்பதற்கு மட்டுமான இடமன்று. ஊர்ப் பொதுத் திண்ணை போன்றது. அங்கே ஒரு மூலையில் பிடில், குழல், கான்செர்ட்டினா, பௌரான் எனப்படும் ஆட்டுத்தோல் பறை ஆகியவற்றோடு சிலர் வட்டமாக அமர்வார்கள். அவர்களுடைய முகம் ஒருவரையொருவர் நோக்கியிருக்கும். கேட்போருக்கு முதுகுதான் தெரியும். ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க, தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வர். தெரியாதவர் கருவியை மடியில் வைத்துக் காத்திருப்பார். மூன்று மெட்டுகள் ஒன்றுக்குப்பின் ஒன்றாக ஓடி ஓயும்; பிறகு பேச்சு. இதனைச் 'செஷன்' என்கிறார்கள். கிளேர் மாவட்டத்து டூலின் என்னும் சிற்றூர் இதற்குப் பேர்போனது. 1994-இல் மறைந்த மைக்கோ ரசல் என்னும் குழலிசைக் கலைஞரின் ஊர் அது. அதே மாவட்டத்து மில்டவுன் மால்பேயில், வில்லி கிளான்சி என்பாரின் நினைவாக 1973 முதல் ஆண்டுதோறும் ஜூலையில் கோடைப் பள்ளி கூடுகிறது. அந்த ஒரு வாரம் ஊர்க் கடைகளிலெல்லாம் வாசிப்புத்தான்.

கேட்கக் கேட்க நமக்குப் பொறாமையே உண்டாயிற்று. ஆனால் அவ்விசையின் வரலாற்றைப் படித்தபோது பொறாமை சற்றுத் தணிந்தது. வேறொரு கவலை பிறந்தது.

மதுக்கடை அவ்விசையின் பிறந்த வீடன்று. அது பிறந்து வளர்ந்தது குடியானவர் சமையலறைகளில். அடுப்பு நெருப்பைச் சுற்றி, நாற்சந்திகளில், திருமணங்களில், இழவு வீடுகளில். பெண்களும் ஆண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் கூடிய இடங்கள் அவை. அந்த வீடுகளை விட்டு இசை வெளியேறியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம்மைச் சுடுவது. 1925-இல் அயர்லாந்து ஆயர்கள் நடனத்தின் தீமைகளைக் கண்டித்து ஓர் அறிக்கை விடுத்தார்கள். அது கோவில்களில் வாசிக்கப்பட்டது. 1935-இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற கூடங்களைப் பற்றியதே சட்டம். ஆயினும் வீட்டு நடனங்களையும் நிறுத்துவதற்கு அது பயன்பட்டது. அதில் பங்குக் குருக்கள் பலருடைய கையும் இருந்தது. நல்லெண்ணத்தோடு செய்தார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. நல்லெண்ணம் சமையலறையை ஊமையாக்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இலண்டனுக்குக் கட்டட வேலைக்குச் சென்ற அயர்லாந்துத் தொழிலாளர்கள், ஒரே அறையில் பலராக ஒண்டிக் குடியிருந்தார்கள். வாசிக்க வீடில்லை. ஆகவே கென்டிஷ் டவுன், கேம்டன் டவுன் பகுதிகளின் மதுக்கடைகளில் கூடினார்கள். இன்று நாம் 'செஷன்' என்று அறிவது பெரிதும் அங்கே உருக்கொண்டதுதான். 1951-இல் முல்லிங்கர் நகரில் தொடங்கிய இசைச் சங்கமும் அதன் ஆண்டு விழாக்களும் ஊக்கமளிக்க, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அது தாயகத்துக் கடைகளுக்கும் பரவியது. பயணியின் கண்ணுக்குத் தொன்மையாகத் தோன்றும் அந்த மூலை மேசை, உண்மையில் அகதி முகாம் போன்றது.

அகதியாகப் போகும்போது எல்லாரும் உடன் போவதில்லை. மதுக்கடை அக்காலத்தில் ஆண்களின் இடம். ஆகவே நடன மெட்டு பிழைத்தது. பெண்களின் ஒப்பாரி பிழைக்கவில்லை. அயர்லாந்திலும் ஒப்பாரி இருந்தது. அதற்கென்றே அழைக்கப்பட்ட முதுபெண்டிர் இருந்தார்கள். இறந்தவரை முன்னிலைப்படுத்தி, அவர் குலமும் குணமும் சொல்லி, அங்கேயே அடிகள் கட்டிப் பாடினார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் திருச்சபை மன்றங்கள் அதனை மீண்டும் மீண்டும் தடை செய்தன. இருபதாம் நூற்றாண்டில் அது ஏறக்குறைய அற்றுப்போயிற்று. இன்று அந்நாட்டில் பயணம் செய்பவர் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அதைக் கேட்கப் போவதில்லை. கால்வே நகரத்து வட்டத்தில் நம் பிள்ளை கேட்டது, அளவால் பெரிதாயினும், அந்த இசைக் குடும்பத்தில் தப்பிப் பிழைத்த ஒரு கிளை மட்டுமே.

இந்த நினைவோடுதான் கல்லல் வட்டாரத்தில் தேடலானோம்.

கள்ளுக்கடை நமக்கு இல்லை. தமிழகத்தில் 1987 முதல் கள் விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. அரசு மதுக்கடை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிற்கிற எவரும் பாடுவதற்காக நிற்பதில்லை. ஆக, 'மதுக்கடைப் பாட்டு' என்று நேராகப் பெயர்த்துத் தேடினால் தேடல் முதல் நாளே முடிந்துவிடும்.

அடுத்து, செட்டிநாட்டு மாளிகைகளைச் சீர்செய்து நடத்தும் விடுதிகளுள் ஒன்றுக்குப் போனோம். வளவு நடுவில் விளக்கேற்றி, இரவு உணவுக்கு முன் முக்கால் மணி நேரம் நாட்டுப்புறக் கலை. கரகம், காவடி, இரண்டு தெம்மாங்கு, ஒரு பறையாட்டம். கலைஞர்களிடம் குறை காண நமக்கு மனமில்லை. கரகமாடிய பெண்ணின் கழுத்து அசையாத நிதானமும், நையாண்டி மேளத்துத் தவில்காரர் அவள் காலைப் பார்த்தே நடையை மாற்றிய நுட்பமும் பயிற்சியின் விளைவுகள். அவர்களுக்குக் கிடைக்கும் கூலியும் வேண்டியதே. குறை நிகழ்ச்சியின் அமைப்பில் இருக்கிறது. எந்தப் பாட்டுக்கும் காரணம் இல்லை. திருவிழா இல்லை, மழை வேண்டல் இல்லை, வயல் இல்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டுகிறார்கள். தெம்மாங்கு பாடியவர் ஓரடி நிறுத்திவிட்டு ஒரு கணம் காத்தார்; பழக்கம் விடவில்லை போலும். எவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. தாமே அடுத்த அடியையும் பாடிக்கொண்டார்.

அந்த ஒரு கண இடைவெளியை நம் பிள்ளை கவனித்துவிட்டான். "அவர் யாருக்காக நிறுத்தினார் மாமா?" என்றான். நாம் இவ்வளவு காலம் எழுதியவற்றைக் காட்டிலும் நல்ல திறனாய்வு அக்கேள்வி என்று தோன்றிற்று.

நம் நாட்டார் பாட்டின் உடற்கூறே பின்பாட்டில் இருக்கிறது. கும்மியில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, வட்டம் முழுதும் திருப்பிச் சொல்லும். திருப்பிச் சொல்லும் அந்த நேரத்தில் முதற்பாட்டுக்காரி அடுத்த அடியை நினைவிலிருந்து எடுக்கிறாள். அல்லது புதிதாகக் கட்டுகிறாள். வில்லுப்பாட்டில் 'ஆமாம்' போடுபவர் இல்லையேல் கதை நகராது. வட்டம் இல்லாவிடில் பாடுபவருக்கு மூச்சு விட நேரமில்லை. புதிதாய்க் கட்ட இடமில்லை. மனப்பாடம் மட்டுமே மிஞ்சும். ஆகவே பின்பாட்டை அலங்காரம் என்று கொள்வது பிழை. பாட்டு உண்டாகும் பட்டறை அதுதான். அயர்லாந்து வட்டத்தினர் கேட்போருக்கு முதுகு காட்டி அமர்வதன் பொருளும் இதுவே என்று கருதுகிறோம். அங்கே கேட்பவர் தற்செயல். உடன் வாசிப்பவரே தேவை.

இதே அளவுகோலைக் கொண்டு நூல்களையும் பார்க்கலாம். சார்லஸ் கோவர் 1871-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தென்னிந்திய நாட்டார் பாடல் நூல் தொடங்கி, பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' (1958), நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) வரை பெருந்தொண்டு நடந்திருக்கிறது. அவை இல்லையேல் நமக்கு ஒன்றும் தெரிந்திராது. ஆயினும் அச்சுக்கு வந்தவுடன் முதலில் உதிர்வது பின்பாட்டு. பக்கம் வீணாகும் என்று ஒருமுறை மட்டும் அச்சிடுகிறோம். வயலில் நாற்பது முறை ஒலித்தது நூலில் ஒரு வரி. படிப்பவர் சொல்லை அறிவார், காத்திருத்தலை அறியார்.

வானொலி இன்னொரு வகை. நம் மாவட்டத்துக் கொல்லங்குடி கருப்பாயி அம்மையார் வயற்காட்டில் பாடிய குரலோடு வானொலிக்குச் சென்றார். அங்கிருந்து 'ஆண்பாவம்' (1985) திரைப்படத்துக்குச் சென்றார். 2025-இல் தொண்ணூற்றொன்பது வயதில் அவர் மறைந்தபோது, படத்தில் வந்த பாட்டி என்றே பலரும் நினைவுகூர்ந்தார்கள். பாடகி என்று நினைத்தவர் குறைவு. இளையான்குடியை அடுத்த மாரந்தையில் பிறந்த கே. ஏ. குணசேகரனோ மறுதிசையில் நடந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்தும் பாட்டை மேடைப் பொருளாக மட்டும் வைக்காமல், சாதிக்கொடுமைக்கு எதிரான கூட்டங்களில் கேட்போரையும் சேர்த்துப் பாடவைத்தார். தம் தன்வரலாறாகிய 'வடு' நூலில் இந்த மண்ணில் தாம் பட்டவற்றை எழுதிவிட்டு 2016-இல் மறைந்தார். இவ்விருவரும் பிறந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு பாட்டு எங்கே என்று தேடுகிறோம் என்பதே வெட்கத்துக்குரியது.

தேடலில் ஒன்றைக் கற்றோம். அயர்லாந்தில் பாட்டுக்கு முகவரி உண்டு. நம்மிடம் பாட்டுக்கு நாள் உண்டு. எந்தக் கடை என்று கேட்பதைவிட எந்தத் திங்கள், எந்த விழா, எந்த வீடு என்று கேட்க வேண்டும். முளைப்பாரி வளரும் நாள்களில் அந்தந்த ஊரில் இரவுதோறும் கும்மி உண்டு. தைப்பூசத்துக்கு நகரத்தார் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும்போது வழிநெடுகப் பாட்டு உண்டு. ஆகஸ்டு இறுதியில் நம்மவர் வேளாங்கண்ணிக்கு நடக்கும்போதும் உண்டு.

உண்டு என்றா எழுதினோம்? இருந்தது என்று எழுதுவதே பொருத்தமோ என்னவோ. வேளாங்கண்ணி நடைப்பயணக் குழுவொன்றோடு முன்பொருமுறை நாமும் ஒரு நாள் நடந்தோம். முன்னே ஒரு சிறு சரக்கு வண்டி. அதன் மேல் நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள். அதில் திரைப்பாட்டு மெட்டில் அன்னையின் புகழ். நடப்பவர்கள் வாய் திறக்கவில்லை. திறந்தாலும் பக்கத்தில் நடப்பவருக்குக் கேட்டிராது. மாலையில் வண்டியின் மின்கலம் தீர்ந்து ஒலி அடங்கியபோது, பின்னால் வந்த மூதாட்டியர் நால்வர் செபமாலைக்கிடையே ஏதோ ஒன்றைத் தாழ்ந்த குரலில் முறைவைத்துப் பாடிக்கொண்டு வருவது தெரிந்தது. காலையிலிருந்தே பாடிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்!

இங்கே திருச்சபையின் பங்கினை மறைக்காமல் பேச வேண்டும். நாம் கொடுத்ததும் உண்டு, எடுத்ததும் உண்டு. வீரமாமுனிவர் தேம்பாவணி என்னும் காப்பியம் பாடியவர். அவரே பெண்கள் காய் வீசி ஆடும்போது பாடும் அம்மானை வடிவத்தைக் கையிலெடுத்துக் கித்தேரியம்மாள் அம்மானையும் பாடினார். இலங்கையில் உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தந்த வியாகுலப் பிரசங்கம், ஈழத்துக் கத்தோலிக்கரிடையே தவக்காலத்தில் இராகத்தோடு ஓதப்பட்டு, பாடுகளின் நினைவை ஊர் கூடி அழும் அழுகையாக்கிற்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் புனிதர் கதைகள் நாட்டுக்கூத்தாயின. 2021-இல் மறைந்த மரிய சேவியர் அடிகளார் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அம்மரபினைப் போர்க்காலத்திலும் கைவிடவில்லை.

எடுத்ததும் உண்டு என்றோம். 1903 நவம்பர் 22 அன்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருஇசை குறித்து வெளியிட்ட ஆணை கோவில் பாடகர் குழுவிலிருந்து பெண்களை விலக்கியது. பறை, தாளம் போன்ற ஓசைக் கருவிகளுக்கும் தடை விதித்தது. ஐரோப்பியக் கோவில்களில் புகுந்த நாடகமேடை இசையைக் களைவதே அதன் நோக்கம். ஆனால் பெண்ணும் பறையுமே நாட்டார் இசையின் இரு கண்களாக இருக்கும் நாட்டில் அந்த ஆணை என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அறுபது ஆண்டுகளுக்குப்பின், 1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு வெளிவந்தது. அதன் 119-ஆம் பத்தி, மக்களினங்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் வழிபாட்டில் தக்க இடமும் தரப் பணிக்கிறது. அடுத்த 120-ஆம் பத்தி குழலார்கனைப் புகழ்கிறது. நம் பங்குகள் பல 119-ஐப் படித்துவிட்டு 120-க்கு ஒரு மின்விசைப்பலகை வாங்கின என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேடிக்கை முற்றும் பொய்யன்று.

நல்முயற்சிகளும் நடந்தன. திருச்சியில் 1977-இல் கலைக்காவிரி தொடங்கப்பட்டது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபையார் நாட்டார் வழக்காற்றியலை ஆய்வுத் துறையாகவே வளர்த்தனர். திண்டுக்கல்லில் ஓர் அருள்சகோதரி தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்து நிமிர்ந்து ஆடச் செய்தார். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த தியாப்பிலஸ் அப்பாவு, 'பறட்டை அண்ணன்' என்ற பெயரில், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் வழிபாடு முழுவதையும் கிராமிய இசையில் அமைத்தார். 2005-இல் அவர் மறையும்வரை வலியுறுத்தியது, பாடும் சபை பாட்டைத் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதே. அச்சிட்ட பாட்டுப் புத்தகத்துக்குப் பழகிய நமக்கு இது இன்றும் துணிச்சலான கருத்து.

அயர்லாந்திலும் இதே நிகழ்ந்தது. ஷான் ஓ ரியாடா என்னும் இசையமைப்பாளர் கூலே என்னும் சிற்றூரில் குடியேறி, அவ்வூர் ஆண்களின் குரலுக்கென்று, தாய்மொழித் திருப்பலிக்குப் பழைய பாட்டு மரபில் இசையமைத்தார்; 1968-இல் அது வெளிவந்தது. பௌரான் பறையை, நாட்டுப்புற ஓசை என்று தள்ளப்பட்டிருந்த நிலையிலிருந்து, இசையரங்குக்கு ஏற்றியவரும் அவரே. தோற்கருவியொன்று தாழ்விலிருந்து எழுந்த கதை நமக்கு அயலானதன்று. எனினும் ஒரு வேற்றுமை பெரிது. பௌரானை வாசித்தவரை எவரும் பிறப்பால் விலக்கவில்லை.

இனி, நாம் கேட்ட பாட்டைப் பற்றி. அதைத் தேடி நாம் போகவில்லை. பிள்ளையின் விடுமுறை முடியப் பத்து நாள் இருக்கையில் நம் அத்தை, அவனுக்குப் பாட்டி முறை, கல்லலுக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் இறந்துபோனார். எண்பத்தாறு வயது.

நாம் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டாயிற்று. தெருமுனையில் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் தொட்டுப் பார்க்கும் ஓசை. வாசித்தவர்களுள் இருவர் நம் பங்கினர். ஞாயிறுதோறும் அதே கோவிலில் அதே அப்பத்தைப் பகிர்பவர்கள். பந்தலில் நாற்காலிகள் காலியாக இருந்தும் அவர்கள் தெருவோரத்தில் நின்றே வாசித்தார்கள். உட்காருங்கள் என்று சொல்ல நமக்கும் நா எழவில்லை. பிள்ளை நம்மைப் பார்த்தான். நாம் வேறு பக்கம் பார்த்தோம்.

உள்ளே பெண்கள் தோளோடு தோள் கட்டித் தலைகளை ஒன்றாய்க் கவிழ்த்து அமர்ந்திருந்தார்கள். வட்டம். வெளியிலிருந்து பார்த்தால் முதுகுகள்தாம் தெரிந்தன. ஒருத்தி தொடங்கினாள். இறந்தவரை விளித்து, அவர் பிறந்த வீட்டு வாசலைச் சொல்லி, வாழ வந்த வீட்டைச் சொல்லி, பர்மாவுக்குப் போய்த் திரும்பாத மாமனாரைச் சொல்லி, பஞ்சத்தில் சோளம் இடித்த உரலைச் சொல்லி, அடிதோறும் கடைசி அசையை நீட்டி அழுகையில் கொண்டுபோய்க் கரைத்தாள். அது கரையும் இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். எதுகை தப்பவில்லை. அடுத்த வீட்டு இந்துப் பெண்மணி ஒருவர் தம் முறை வந்தபோது, ஏழு வாள் பாய்ந்த நெஞ்சோடு நிற்கும் வியாகுல மாதாவை அழைத்து, உன் பிள்ளைக்கு நீ அழுத கண்ணீரில் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்ற கருத்தில் பாடினார். எங்கே கற்றார் என்று பிறகு கேட்டோம். "அத்தைதான் எங்க வீட்டு இழவுக்கு வந்து அப்படிப் பாடினாக," என்றார்.

திறனாய்வாளர் என்ற நிலையில் நாம் சொல்லக்கூடியது இது. விடுதியில் கேட்டதைவிடக் குரல் இங்கே கரடு. சுருதி இரண்டு இடத்தில் இறங்கிற்று. ஒருத்தி அடி மறந்து வெறுமனே அழுதாள். ஆயினும் ஒவ்வோர் அடியும் அங்கேயே பிறந்தது. பழைய அச்சில் புதிய பெயரை வார்த்தார்கள். பெயர் பொருந்தாத இடத்தில் அச்சையே வளைத்தார்கள். கவித்துவம் என்று நாம் இலக்கியக் கூட்டங்களில் பேசும் பொருள், படிப்பறியாத ஐந்து பெண்களிடையே கைமாறிக் கைமாறிச் சென்றது. பிள்ளை வாசற்படியில் குந்தி அசையாதிருந்தான். கால்வேயில் மூலை மேசைக்கு அருகிலும் அவன் அப்படித்தான் அமர்ந்திருப்பான் போலும்.

பிறகு வழிபாட்டை நடத்த வந்தவர் வந்தார். கையொலிபெருக்கி வந்தது. "அம்மாமார்களே, ஒப்பாரியை நிறுத்துங்க, செபம் சொல்லுங்க, கிறிஸ்தவங்க நம்பிக்கையோட அழணும்" என்று ஒலித்தது. வட்டம் கலைந்தது. ஒலிப்பேழையிலிருந்து ஒரு பாடல் ஒலிக்கத் தொடங்கிற்று. அது மோசமான பாடலன்று. பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். எவரும் உடன் பாடவில்லை.

நம்பிக்கையோடு அழ வேண்டும் என்பது உண்மைதான்; புனித பவுலும் அதைத்தான் கூறுகிறார். ஆனால் இலாசரின் கல்லறையில் ஆண்டவர் அழுதபோது அங்கிருந்த அழுகையை நிறுத்தச் சொன்னதாக யோவான் எழுதவில்லை. அதே 1963-ஆம் ஆண்டு ஏட்டின் 81-ஆம் பத்தி, அடக்கச் சடங்கு கிறிஸ்தவச் சாவின் பாஸ்காத் தன்மையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும், அந்தந்தப் பகுதியின் சூழலுக்கும் மரபுக்கும் இசைய வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. முன்பாதியை நாம் கையொலிபெருக்கியில் சொல்கிறோம். பின்பாதி ஏட்டிலேயே இருக்கிறது. வியாகுல மாதாவை அடுத்த வீட்டு இந்துப் பெண்மணியின் வாயில் கொண்டுபோய் வைத்தது எந்த மறையுரையும் அன்று. நிறுத்தச் சொன்ன அந்த ஒப்பாரிதான்.

வழிபாடு நடத்தியவரைக் குறைகூறி என்ன பயன்? அவர் கற்றுக்கொண்டது அது. நம் வீட்டு ஆண்களாகிய நாமும் அந்த நேரத்தில், அப்பாடா, கூச்சல் ஓய்ந்தது என்றே எண்ணினோம். அயர்லாந்துக் குருக்களும் இவ்வாறே எண்ணியிருப்பார்கள்.

பிள்ளை பயணத்தை ஒத்திப்போட்டு முப்பதாம் நாள் பூசைவரை இருந்தான். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, ஆண்கள் பந்தல் கணக்குப் பார்க்கத் திண்ணைக்குப் போனபின், அடுக்களை வாசலில் பெண்கள் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் போய் நடுவில் அமர்ந்தான்.

"அத்தை, அன்னிக்குப் பாதியில நின்னுச்சே, அது அப்புறம் எப்படிப் போகும்?"

"போடா, நல்ல நாளும் அதுவுமா ஒப்பாரி கேக்குறான்," என்று சிரித்தார்கள். பின்னர் ஒருத்தி, கையில் அண்டாவைப் பிடித்தபடியே, தாழ்ந்த குரலில் எடுத்தாள். ஓரடி பாடி நிறுத்தினாள். எவரும் எடுக்கவில்லை, அவனைப் பார்த்தார்கள். அவனுக்கு அடி தெரியாது. கடைசி அசையை மட்டும் பிடித்துக்கொண்டு, மெட்டு தவறி, நீட்டினான்.

"அம்புட்டு நீளம் வேணாம்," என்றார் அடுத்த வீட்டு அம்மா. "மூச்சு முடியுறதுக்கு முன்னாடி விட்றணும். அப்பத்தான் அடுத்தவ எடுக்க முடியும்." மறுபடியும் தொடங்கச் சொன்னார்.